கதவுக்கு உள்ளே ஒருவன், வெளியே ஒருத்தி: ‘லெட் மீ இன்’ மறுஆக்கம் பற்றிய நிகழ்வு ஆய்வு

2010ஆம் ஆண்டு வெளியான ‘லெட் மீ இன்’ என்ற அமெரிக்கப் படத்தில், 12 வயதுச் சிறுவனான ஓவன், பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த ஆபி என்ற சிறுமியின் இருண்ட வீட்டுக்குள் நிற்கிறான். அங்கே கிடக்கும் பழைய பொருள்களுக்கு நடுவே, நாணயம் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் கூண்டுகளில் கிடைப்பது போன்ற, ஒன்றன்கீழ் ஒன்றாகப் படங்கள் அடுக்கிய மங்கிப்போன ஒரு புகைப்படத் துண்டு அவன் கண்ணில் படுகிறது. அதில் ஆபி இருக்கிறாள். இன்று இருக்கும் அதே முகம், அதே வயது; மனித ரத்தம் குடித்து வாழும், மூப்படையாத ரத்தக்காட்டேரி அவள். அவள் தோளோடு தோள் ஒட்டிக் கண்ணாடி அணிந்த ஒரு சிறுவன் இருக்கிறான். அவன் யார் என்று படத்தில் எவரும் விளக்குவதில்லை. ஆனாலும், அவளுடைய தந்தை என்று அக்கம்பக்கத்தார் நம்பியிருந்த, அவளுக்காக ஊரில் கொலை செய்து ரத்தம் கொண்டுவந்த, கண்ணாடி போட்ட தளர்ந்த மனிதர்தான் அந்தச் சிறுவன் என்பது ஓவனுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிடுகிறது.

திரையில் சில விநாடிகளே தோன்றும் இந்தப் புகைப்படம், மூலமான ‘லெட் த ரைட் ஒன் இன்’ என்ற சுவீடன் படத்தில் இல்லை. அந்தப் படத்துக்கு அடிப்படையான நாவலிலும் இல்லை. மறுஆக்கத்தை எழுதி இயக்கிய மேட் ரீவ்ஸ் தானாகச் சேர்த்தது இது. ஒரு ரீமேக் வெளியானால் அது மூலத்துக்கு ஈடாகுமா, குறைந்துபோனதா என்று தராசில் வைத்துப் பார்ப்பதோடு நம்முடைய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மூலம் தெரிந்தே சொல்லாமல் விட்ட இடங்களில் மறுஆக்கம் என்ன எழுதி நிரப்பியது என்று கேட்டால்தான் இரண்டு படங்களையும் ஒழுங்காகப் பார்க்க முடியும் என்று நான் கருதுகிறேன். அப்படிக் கேட்பதற்கு, ஏறக்குறைய காட்சிக்குக் காட்சி ஒத்துப்போகும் இந்த இரண்டு படங்களைவிட நல்ல எடுத்துக்காட்டு அண்மைக் காலத்தில் எனக்குத் தெரியவில்லை.

மூலம்

ஜான் அய்விடே லிண்ட்க்விஸ்ட் எழுதிய நாவல் 2004இல் சுவீடனில் வெளிவந்தது. எழுத்துக்கு வருமுன் மேடைகளில் மாயவித்தை காட்டியும் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தியும் பிழைத்தவர் அவர். தாம் வளர்ந்த பிளாக்கபெர்க் என்ற இடத்தையே கதைக்களமாக வைத்தார். ஸ்டாக்ஹோம் நகரின் மேற்கில், 1950களில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புப் பகுதி அது. சுரங்க ரயில் நிலையம், கடைவீதி, பள்ளிக்கூடம் எல்லாம் அளந்து வைத்தாற்போல் இருக்கும், பழங்கதையோ பேய்க்கதையோ ஒட்டிக்கொள்ள ஒரு பாழடைந்த கோட்டைகூட இல்லாத இடம். கதை நடப்பது 1981இல். சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று சுவீடனின் கார்ல்ஸ்க்ரோனா கடற்படைத் தளத்துக்கு அருகே பாறையில் சிக்கிக்கொண்டதும் அந்த ஆண்டு அக்டோபரில்தான். வெளியிலிருந்து ஏதோ ஒன்று சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது என்ற அச்சம் அந்நாட்டின் காற்றிலேயே இருந்த காலம்.

தோமஸ் ஆல்ஃப்ரெட்சன் இயக்கத்தில் 2008இல் வந்த படத்துக்குத் திரைக்கதை எழுதியவரும் லிண்ட்க்விஸ்ட்தான். பள்ளியில் கோனி என்பவனிடமும் அவன் கூட்டாளிகளிடமும் அடிவாங்கும் ஓஸ்கர், அடித்தவர்களைக் கத்தியால் குத்துவதாக எண்ணிக்கொண்டு இரவில் மரத்தைக் குத்துகிறான். அப்போதுதான் பனியில் வெறுங்காலோடு நிற்கும் ஏலியைச் சந்திக்கிறான். அவளும் 12 வயதுக்காரிதான், ஆனால் வெகுகாலமாகவே 12 வயதில் நின்றுவிட்டவள். இந்த இருவருக்குமான நடிகர்களை ஏறத்தாழ ஓராண்டு தேடினார்கள். கோரெ ஹெடெப்ராண்டின் வெளிர்ந்த முகமும் லீனா லியாண்டர்சனின் கருத்த பெரிய கண்களும் எதிரெதிரே அமர்ந்தபோது, அந்தத் தேடல் வீண்போகவில்லை என்று முதல் சந்திப்புக் காட்சியே சொல்லிவிடுகிறது. பிளாக்கபெர்க்கில் பனிக்கு உத்தரவாதம் இல்லாததால், படத்தின் பெரும்பகுதியை நாட்டின் வடக்கே லூலியோ நகரில் எடுத்தார்கள்; ஒளிப்பதிவாளர் ஹோய்டெ வான் ஹோய்டெமா. கேமரா பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மருத்துவமனை வாசலில் செவிலி நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவருக்குப் பின்னால் தொலைவில் ஒரு சிறிய உருவம் சுவரில் ஏறுவது நம் கண்ணில் பட்டால் பட்டது, படாவிட்டால் இல்லை என்ற அளவுக்கு அடக்கமான காட்சியமைப்பு அது.

உரிமை கைமாறிய காலம்

அமெரிக்காவில் அந்தச் சுவீடன் படம் திரையரங்குக்கு வருமுன்பே அதன் மறுஆக்கம் முடிவாகிவிட்டது. 2008 வசந்தத்தில் நியூயார்க்கின் டிரைபெக்கா திரைப்பட விழாவில் அது சிறந்த கதைப்படத்துக்கான விருது பெற்றது. ஆங்கில மறுஆக்க உரிமையை ஹாமர் நிறுவனம் வாங்கியதும் அந்த விழாவை ஒட்டித்தான். 1950களின் பிற்பகுதியிலிருந்து டிராகுலா படங்களால் பெயர்பெற்று, பின்னர் பல ஆண்டுகள் படமெடுக்காமல் முடங்கிக் கிடந்த பிரித்தானிய நிறுவனம் அது. அது மீண்டும் தலைதூக்கப் பார்த்த நேரத்தில் இந்தக் கதை கையில் விழுந்தது. வசன எழுத்தைப் படித்துக்கொண்டு படம் பார்க்க அமெரிக்கப் பொதுமக்கள் பெருமளவில் வரமாட்டார்கள் என்ற வணிகக் கணக்குதான் இத்தகைய மறுஆக்கங்கள் எல்லாவற்றுக்கும் அடித்தளம். அதே 2008 நவம்பரில் ‘ட்வைலைட்’ வந்து, ரத்தக்காட்டேரி என்றால் பதின்வயதுக் காதல் என்றாகிவிட்டிருந்தது. அந்த அலையில் ஓவனையும் ஆபியையும் 17 வயதுக்காரர்களாக்கிவிடுவது எளிது, காசும் வந்திருக்கும். அதைச் செய்யாமல் 12 வயதிலேயே நிறுத்தியதை, இந்த மறுஆக்கத்தின் நேர்மைக்கான முதல் சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆல்ஃப்ரெட்சனுக்கு இந்த முயற்சி பிடிக்கவில்லை. சரியாக வராத படங்களைத்தான் மறுபடி எடுக்க வேண்டும் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். லிண்ட்க்விஸ்ட் அப்படி நினைக்கவில்லை. ரீவ்ஸ் அவருக்குக் கடிதம் எழுதி, இந்தக் கதையில் தம்மை ஈர்த்தது ரத்தக்காட்டேரி அல்ல, தம்முடைய சிறுவயதுதான் என்று தெரிவித்திருந்தார். பெற்றோரின் மணமுறிவையும் பள்ளிக்கூடக் கொடுமையையும் தெரிந்தவர் அவர். படம் வந்த பிறகு, தம் கதைக்கு ஒரு சிறந்த சுவீடன் படமும் ஒரு சிறந்த அமெரிக்கப் படமும் கிடைத்திருக்கின்றன என்று லிண்ட்க்விஸ்ட் மனநிறைவோடு சொன்னார். பெற்ற பிள்ளையை இரண்டு வீட்டில் வளர்க்கக் கொடுத்தவரின் பெருந்தன்மை அது. இருந்தாலும் அந்தப் பிள்ளையின் எதிர்காலம் குறித்து அவருக்கு ஒரு மாற்றுக் கருத்து இருந்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

லாஸ் அலமோஸ், 1983

ரீவ்ஸ் கதையை நியூ மெக்சிகோ மாநிலத்தின் லாஸ் அலமோஸ் ஊருக்கு, 1983 மார்ச் மாதத்துக்கு நகர்த்தினார். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் அந்த ஊருக்குப் பனி பொய்யில்லை. 1943 முதல் இயங்கி, உலகின் முதல் அணுகுண்டை உருவாக்கிய ஆய்வுக்கூடம் இருந்த ஊர் அது என்பதைப் படம் ஓரிடத்திலும் உரக்கச் சொல்வதில்லை. ஊர்ப்பெயரை மட்டும் திரையில் எழுதிவிட்டு மேலே போகிறது. மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தெளிவாகவே தெரிகிறது. 1983 மார்ச் 8 அன்று ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில், கிறித்தவ நற்செய்திச் சபையினரின் மாநாட்டில் பேசிய அதிபர் ரொனால்டு ரீகன், சோவியத் ஒன்றியத்தைத் தீமையின் பேரரசு என்று வருணித்தார். படத்தின் தொடக்கத்தில் முகம் வெந்துபோன ஒரு மனிதரை மருத்துவமனைக்குக் கொண்டுவரும்போது, அங்கே ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் ரீகன் தீமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். ஓவனின் தாய் பக்தி மிகுந்தவர், உண்ணுமுன் செபிப்பவர். தன் தோழி யார் என்பது தெரிந்த பிறகு ஓவன் வேறு ஊரிலிருக்கும் தந்தையைத் தொலைபேசியில் அழைத்து, தீமை என்று ஒன்று உண்மையிலேயே உண்டா என்று அழுகையை அடக்கிக்கொண்டு கேட்கிறான். தந்தைக்கோ, இது அம்மா தலையில் ஏற்றிய மதப்பேச்சு என்றுதான் படுகிறது. சிறுவனின் கேள்வி பதிலில்லாமல் அந்தத் தொலைபேசியிலேயே நின்றுவிடுகிறது.

சுவீடன் படத்துக்கும் இதற்குமான பெரிய வேறுபாட்டை இங்கே காணலாம். ஏலி நல்லவளா கெட்டவளா என்ற கேள்வியை ஆல்ஃப்ரெட்சன் எழுப்புவதே இல்லை. அவளுக்குப் பசிக்கிறது, உண்கிறாள், ஓஸ்கரிடம் அன்பாக இருக்கிறாள், அவ்வளவே. அதிபர் முதல் ஊர்க் குடும்பங்கள்வரை நன்மை, தீமை என்று உலகத்தை இரண்டாகக் கீறிப் பார்க்கும் ஒரு நாட்டுக்கு அந்தக் கதை வந்ததும், அதற்கு ஒரு நீதிவிசாரணையின் நிறம் வந்துவிடுகிறது. பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிக் கதையை இறக்குமதி செய்யாமல், புதிய மண்ணில் அந்தக் கதைக்கு என்ன நேரும் என்று யோசித்திருக்கிறார் ரீவ்ஸ். இதை நான் முழுமனதோடு பாராட்டுவேன்.

தாயின் முகம்

அமெரிக்கப் படத்தில் ஓவனின் தாயுடைய முகத்தை நாம் ஒருமுறைகூடத் தெளிவாகப் பார்ப்பதில்லை. சட்டகத்தின் ஓரத்தில், மங்கலாக, கண்ணாடிக்கு அப்பால், தூங்கும் உடலாக அவர் இருக்கிறார். குரல் கேட்கிறது, முகம் கிடைப்பதில்லை. தந்தைக்கோ உருவமே இல்லை, தொலைபேசிக் குரல் மட்டும்தான். சுவீடன் படத்தில் ஓஸ்கர் நாட்டுப்புறத்தில் இருக்கும் தந்தையின் வீட்டுக்குப் போகிறான். இருவரும் கட்டமிட்டு விளையாடிக்கொண்டிருக்கையில் நண்பர் ஒருவர் வந்து அமர, தந்தை புட்டியைத் திறக்க, பிள்ளையின் முகம் மெல்லச் சுருங்குகிறது. வசனம் இல்லாமல் ஒரு குடும்பத்தின் முறிவை முழுதாகச் சொல்லிவிடும் அந்தக் காட்சியை மறுஆக்கம் இழந்தது. அதற்கு ஈடாக, பெரியவர்கள் எல்லாரும் சட்டகத்துக்கு வெளியே தள்ளப்பட்ட ஓர் உலகத்தைக் கட்டிக்கொண்டது.

படம் முழுவதும் ஓவனின் கண்ணாகவே கேமரா நடந்துகொள்கிறது. முகமூடி அணிந்துகொண்டு, தொலைநோக்கியால் எதிர்வீட்டுச் சன்னல்களைப் பார்க்கும் சிறுவன் அவன். ஊரார் அவனுக்கு அந்த வட்டத்துக்குள் தெரியும் துண்டுகள் மட்டுமே. ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃப்ரேசர் மிகச் சிறிய பகுதியை மட்டும் தெளிவாக வைத்து மற்றதை மங்கவிடுவதும் இதற்கு ஏற்றாற்போல் அமைந்திருக்கிறது. ஆனால் இதற்குக் கொடுத்த விலை சிறியது அன்று. சுவீடன் படத்தில் லாக்கே, விர்ஜீனியா, யோக்கே, பூனைகளோடு வாழும் கோஸ்தா என்று, உணவகத்தில் கூடிக் குடித்துப் பேசிக் காலம் கழிக்கும் நடுவயதுக்காரர்களின் கூட்டம் ஒன்று உண்டு. ஏலி அவர்களில் ஒருவரைக் கொல்லும்போது, அவருக்கென்று ஒரு நண்பன் இருந்தான், அவன் அழுதான் என்பது நமக்குத் தெரிகிறது. இரு பிள்ளைகளின் அன்பு யாருடைய ரத்தத்தில் உயிர்வாழ்கிறது என்பதற்கு அந்த லாக்கே சாட்சியாக நிற்கிறான். அமெரிக்கப் படம் இவர்களைத் தொலைநோக்கியில் தெரியும் நிழல்களாகச் சுருக்கிவிட்டு, லாக்கேயின் இடத்தில் பெயரில்லாத ஒரு காவல் அதிகாரியை வைக்கிறது. துப்பறியும் ஒருவர் வந்தால் கதைக்கு வேகம் கிடைக்கும். துக்கம் அனுசரிக்கும் ஒருவர் போனால் கதையில் பாரம் குறையும். இரண்டுமே நடந்திருக்கின்றன.

ஆனால் அந்த அதிகாரியின் மரணத்தை ரீவ்ஸ் அமைத்த விதத்தை மட்டும் தனியே சொல்லியாக வேண்டும். குளியலறையில் ஆபியின் பிடியில் விழுந்து கிடக்கும் அவர், வாசலில் நிற்கும் ஓவனை நோக்கிக் கையை நீட்டுகிறார். ஓவனும் கையை நீட்டுவது போலத் தெரிகிறது; அந்தக் கை கதவைச் சாத்துகிறது. அதிகாரியாக நடித்த எலியாஸ் கொடியஸ்தான் தொலைபேசியில் ஓவனின் தந்தைக்கும் குரல் கொடுத்திருக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு இந்தக் காட்சியைப் பாருங்கள். உதவி கேட்டபோது உதவாத குரலுக்கும், இப்போது உதவி கேட்டு நீளும் கைக்கும் ஒரே உடல். வீட்டுக்குள் யாரை விடுவது என்று கேட்ட கதையில், சிறுவன் யாரை வெளியே வைத்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேறில்லை.

புகைப்படம் செய்த வேலை

நாவலில், ஏலிக்காகக் கொலை செய்து ரத்தம் கொண்டுவரும் ஹோக்கன் என்ற அந்த மனிதர், சிறுவர்கள்மீது தகாத நாட்டம் கொண்டு, வேலையும் வாழ்வும் இழந்த ஆசிரியர். ஏலியிடம் அண்மையில் வந்து சேர்ந்தவர். படிப்பவர் கூசிப்போகும்படி அதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார் லிண்ட்க்விஸ்ட். சுவீடன் படம் அதை எடுத்துவிட்டது. எடுத்த இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை. பெர் ரக்னார் நடித்த ஹோக்கன் ஏலிக்குத் தந்தையா, காதலனா, அடிமையா என்று சொல்வாரில்லை. இன்றிரவு அந்தப் பையனைப் பார்க்காதே என்று அவர் தயங்கிக் கேட்கும்போது, ஏலி அவர் கன்னத்தைத் தடவிக்கொடுக்கிறாள். அந்தத் தொடுகைக்கு என்ன பொருள் என்பதைப் பார்வையாளர் தம் அனுபவத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ள வேண்டும்.

ரீவ்ஸ் அதை நிரப்பிக் கொடுத்துவிட்டார். ரிச்சர்ட் ஜென்கின்ஸ் நடித்த பெயரற்ற அந்தத் ‘தந்தை’ ஒருகாலத்தில் ஓவனைப் போல ஒரு தனிமைச் சிறுவனாக இருந்து, அவளை நேசித்து, அவளோடு ஊர் ஊராகப் போய், அவள் 12 வயதிலேயே நிற்கத் தான் மட்டும் மூத்து, கொலைகாரனாகித் தளர்ந்து, கடைசியில் தன்னை எவரும் அடையாளம் காணாதிருக்க முகத்தில் அமிலத்தை ஊற்றிக்கொள்கிறார். மருத்துவமனையில் அவர் கிறுக்கி விட்டுச் செல்லும் தாளில் ஆபியிடம் மன்னிப்புக் கேட்கும் சொற்கள் மட்டுமே இருக்கின்றன. இத்தனையையும் ஒரு பழைய புகைப்படத் துண்டு பின்னோக்கிச் சென்று எழுதிவிடுகிறது. அவரும் அந்தப் பையனைப் பார்க்க வேண்டாம் என்று கேட்கிறார், ஆபியும் அவர் கன்னத்தைத் தொடுகிறாள். ஆனால் இப்போது அது, மணவாழ்க்கையின் முடிவில் நிற்கும் ஒருவருக்கும், அதே வாழ்க்கையை வேறொருவனோடு மறுபடி தொடங்கப்போகும் ஒருத்திக்கும் இடையே நடக்கிறது. ஜென்கின்ஸின் கண்களில் கோபம் இல்லை. நான் போய்விட்டால் இவளை யார் பார்த்துக்கொள்வார் என்ற கவலையே தெரிகிறது. சொல்லப்போனால், இந்தப் பாத்திரத்தின் துயரத்தில் அமெரிக்கப் படம் மூலத்தைவிட ஆழமாகப் போயிருக்கிறது.

அதே சமயம், புகைப்படம் ஒன்றைப் பறித்துக்கொள்ளவும் செய்கிறது. அதைப் பார்த்த பிறகு, ஆபி ஓவனிடம் காட்டும் ஒவ்வொரு கனிவுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்குமோ என்ற ஐயம் நம்மை விடுவதில்லை. அவள் அவனை நேசிக்கிறாளா, அடுத்த வேலையாளைத் தயார்செய்கிறாளா? இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்பதுபோல் க்ளோயி கிரேஸ் மோரெட்ஸ் நடித்திருக்கிறார் என்பது அவருடைய திறமை. சுவீடன் படத்தைப் பார்த்தவர்களிலும் பலர் ஓஸ்கர்தான் அடுத்த ஹோக்கன் என்று முடிவுகட்டினார்கள். ஆனால் அங்கே அது பார்வையாளரின் ஊகம், இங்கே கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சான்று. லிண்ட்க்விஸ்ட் நினைத்த முடிவு இதுவே அன்று. இந்தக் கதையின் தொடர்ச்சியாக அவர் பின்னர் எழுதிய ஒரு சிறுகதையில், பல்லாண்டுகளுக்குப் பிறகும் இருவரும் மூப்படையாத பிள்ளைகளாகவே காணப்படுகிறார்கள்; அதாவது, அந்தப் பையன் ஏவலாளாகிக் கிழடாகவில்லை, அவளைப் போலவே ஆகிவிட்டான். இரண்டு படங்களுக்கும் ஆசி வழங்கிய எழுத்தாளர், தம் பிள்ளைகளின் தலையெழுத்தை மட்டும் தாமே எழுதி வைத்துக்கொண்டார்.

ஏலியின் உடல்

மறுஆக்கம் நிரப்பிய இடம் புகைப்படம் என்றால், அது தொடாமல் ஒதுங்கிப் போன இடம் ஏலியின் உடல். நாவலில் ஏலி பெண்ணே அல்ல. சில நூற்றாண்டுகளுக்கு முன் விரையறுக்கப்பட்ட எலியாஸ் என்ற சிறுவன். சுவீடன் படம் இதை ஒரு கண்ணிமைப்பில் காட்டுகிறது: உடைமாற்றும் ஏலியைக் கதவிடுக்கில் ஓஸ்கர் பார்க்க, தையலிட்ட தழும்பு ஒன்று திரையில் வந்து மறைகிறது. லியாண்டர்சனின் சொந்தக் குரல் ஏலிக்கு ஏற்றதாக இல்லை என்று, சற்றே கனத்த குரல் கொண்ட எலிஃப் ஜெய்லானைக் கொண்டு அவள் பேச்சு முழுவதையும் பின்னணியில் பதிந்ததும் இதற்காகத்தான்: பெண் முகத்தில் எந்த வயதோ எந்தப் பாலோ சொல்ல முடியாத ஒரு குரல். நான் பெண்ணாக இல்லாவிட்டாலும் என்னை உனக்குப் பிடிக்குமா என்று ஏலி கேட்பதும், பிடிக்கும் என்று ஓஸ்கர் யோசிக்காமல் சொல்வதும் இந்தப் பின்புலத்தில் வேறோர் எடையைப் பெறுகின்றன.

அமெரிக்கப் படத்தில் இந்தக் கேள்வியின் நிழல் மட்டும் இருக்கிறது. தான் பெண் இல்லை என்கிறாள் ஆபி. அப்படியானால் நீ யார் என்றால், ஒன்றுமே இல்லை என்கிறாள். அதை ‘மனிதப் பிறவி இல்லை’ என்று எடுத்துக்கொள்ளத்தான் படம் இடம் தருகிறது; தழும்பு இல்லை. ஆனால் விடுபட்ட அந்தப் பொருள் முழுதாக மறைந்துவிடாமல் வேறொரு வழியில் வெளிவந்திருக்கிறது. கென்னியும் அவன் கூட்டமும் ஓவனை இழிவுபடுத்தும்போதெல்லாம் அவனைச் சின்னப் பெண்ணே என்று கூப்பிடுகிறார்கள். ஓவன் தன் அறையில் கண்ணாடிக்கு முன் கத்தியை வைத்துக்கொண்டு அதே சொற்களை ஒரு கற்பனை எதிரியிடம் சொல்லிப் பார்க்கிறான். ஒரு சொல் கைமாறிக் கைமாறிக் கொடுமையாகிறது என்ற இந்த நுட்பம் ரீவ்ஸுடையது, கூர்மையானது. எனினும் நண்பன் எந்த உடலில் வந்தால் என்ன என்று கேட்ட துணிச்சலுக்கு அது ஈடாகவில்லை என்பதே என் தீர்ப்பு. இந்த மறுஆக்கம் உண்மையிலேயே தயங்கிய இடம் இதுதான்.

காரும் குளமும்

தொழில்நுட்பத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆபி பாயும்போதும் ஏறும்போதும் கணினி வரைகலை அவளை எடையற்ற பொம்மையாக்கிவிடுகிறது. சுவீடன் படம் தொலைவில் நிறுத்தி அச்சமூட்டியதை அமெரிக்கப் படம் அருகே கொண்டுவந்து காட்டி அச்சத்தைக் குறைத்துக்கொண்டது. மைக்கேல் ஜியாக்கினோவின் இசை உணர்ச்சியை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. யோஹான் சோடர்க்விஸ்ட் மூலத்துக்கு அமைத்த இசைக்கு அந்த அவசரம் இல்லை.

கார்க் காட்சி மட்டும் வேறு. சுவீடன் படத்தில் ஹோக்கன் காட்டில் ஒருவனைத் தலைகீழாகக் கட்டி ரத்தம் வடிக்கிறார். வெள்ளை நாய் ஒன்று வந்து உட்கார்ந்து பார்க்கிறது. அமெரிக்கப் படத்தில் ‘தந்தை’ குப்பைப் பையைக் கிழித்து முகத்தில் மாட்டிக்கொண்டு, பிறர் காரின் பின்னிருக்கையில் பதுங்குகிறார். இரண்டாம் முறை திட்டம் பிசகுகிறது. தப்பிக்கக் காரைப் பின்னோக்கி ஓட்டுகிறார். கேமரா காரின் உள்ளே பின்பக்கம் பொருத்தப்பட்டபடி இருக்க, கார் சரிவில் உருண்டு புரளும் முழுநேரமும் அது அங்கேயே இருந்து பார்க்கிறது. வானொலியில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு காட்சிகூட இல்லை. மூலத்தில் இல்லாத ஒரு காட்சியை, மூலத்தின் அடக்கத்தை முழுதாக உள்வாங்கி எடுத்தது என்று இதைச் சொல்லலாம்.

மாறாக, நீச்சல்குளக் காட்சியை மாற்றத் துணியவில்லை. சிறுவன் ஒருநாள் திருப்பி அடித்ததில் காதில் அடிபட்ட தம்பிக்காகப் பழிவாங்க வந்த அண்ணன், சிறுவனின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்குகிறான். சுவீடன் படத்தில் கேமரா அவனோடு தண்ணீருக்குள் இருக்கிறது. மேலே என்ன நடக்கிறது என்று தெரியாது. மந்தமான ஓசை மட்டும் கேட்கிறது. பின்னால் எவருடைய கால்களோ நீரைக் கீறிக்கொண்டு இழுபட்டுப் போகின்றன. பிறகு அமுக்கிய கை, உடலிலிருந்து பிரிந்து, மெதுவாக மூழ்குகிறது. இதைவிட நன்றாக எடுக்க வழியில்லை என்று ரீவ்ஸ் நினைத்திருந்தால், அது சரியான நினைப்புத்தான்.

வரவேற்பு

படம் 2010 செப்டம்பரில் டொரன்டோ விழாவில் காட்டப்பட்டு, அக்டோபர் 1 அன்று அமெரிக்காவில் 2,000க்கும் மேற்பட்ட திரையரங்குகளில் வெளியானது. விமரிசகர்கள் பெரும்பாலும் பாராட்டினார்கள். கடந்த 20 ஆண்டுகளில் வந்த சிறந்த அமெரிக்கத் திகில் படம் என்று ஸ்டீஃபன் கிங் எழுதினார். வசூல் அதற்கு ஏற்ப இல்லை. முதல் வார இறுதியில் சுமார் 51 லட்சம் டாலர். ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவிட்ட படம் அமெரிக்காவில் 1 கோடியே 20 லட்சம் டாலர் அளவிலும், உலகம் முழுவதும் சேர்த்து 2 கோடியே 40 லட்சம் டாலர் அளவிலும் நின்றுவிட்டது. மூலப் படமோ உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர் ஈட்டியிருந்தது. ‘த சோஷியல் நெட்வொர்க்’ அதே நாளில் வந்ததும், படத்தை வெளியிட வேண்டிய ஓவர்ச்சர் நிறுவனம் அந்த ஆண்டின் நடுவிலேயே கலைக்கப்பட்டு, விளம்பரப் பொறுப்பு வேறு நிறுவனத்தின் கைக்குப் போனதும் காரணங்களில் சேரும். இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. மூலத்தை நேசித்தவர்கள், இரண்டே ஆண்டுகளில் இன்னொன்று எதற்கு என்று வரவில்லை. மூலத்தை அறியாதவர்களுக்கு, காதலும் இல்லாத, பெரிய பேய்க்கூத்தும் இல்லாத, இரண்டு பிள்ளைகள் பனியில் உட்கார்ந்து பேசும் படம் எதற்கு என்று விளங்கவில்லை.

பெயர் மாற்றம் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலப் பாடகர் மாரிஸ்ஸியின் பாட்டு ஒன்றிலிருந்து லிண்ட்க்விஸ்ட் எடுத்த சுவீடன் தலைப்புக்கு, சரியானவரை உள்ளே விடு என்று பொருள். அழைக்காமல் வாசல் தாண்ட முடியாத ரத்தக்காட்டேரியை மனத்தில் வைத்து, கதவுக்கு உள்ளே நிற்பவருக்குச் சொல்லும் அறிவுரை. நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு அமெரிக்காவில் வந்தபோதே அது, என்னை உள்ளே விடு என்று சுருங்கியிருந்தது. மறுஆக்கம் அதையே எடுத்துக்கொண்டது. இப்போது பேசுவது வெளியே நிற்பவள். உள்ளே இருப்பவன் சரியானவரைத் தேர்ந்தெடுத்தானா என்ற கேள்வி தலைப்பிலிருந்தே போய்விட்டது. கெஞ்சல் மட்டும் இருக்கிறது. புகைப்படத் துண்டும் அதே திசையில்தான் வேலை செய்கிறது: ஓவனுக்கு முன்பும் ஒருவனிடம் அவள் இப்படிக் கேட்டிருக்கிறாள், அவனும் கதவைத் திறந்தான்.

இரண்டு படங்களும் ரயிலில் முடிகின்றன. சிறுவன் தனியே அமர்ந்திருக்கிறான். பக்கத்தில், அவள் ஒளிந்திருக்கும் ஒரு பெரிய பெட்டி. வெளியே பகல் வெளிச்சம். பெட்டிக்கு உள்ளிருந்து தட்டும் ஓசை வருகிறது. சுவருக்கு இருபுறமும் படுத்துக்கொண்டு அவர்கள் பழகிய மோர்ஸ் குறியீடு. சுவீடன் படத்தில் ஓஸ்கர் திருப்பித் தட்டும் எழுத்துகளைச் சேர்த்தால் அவர்கள் மொழியில் ‘புஸ்’ என்று வரும். சின்னதாக ஒரு முத்தம் என்று பொருள். அவன் சிரிக்கிறான், நாமும் அவனுக்காகச் சிரிக்கிறோம். ஓவனும் தட்டுகிறான், மிட்டாய் விளம்பரத்தில் வரும், கொஞ்சம் இப்போது, மிச்சம் பிறகு என்ற பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்க்கிறான். கண்ணாடி அணிந்த அந்தப் பழைய சிறுவனும் ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஒரு ரயிலில், இதே போலச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.